மியூல்சாஃப்ட் ஆர்க்கிடெக்ட் தேர்வு: ஒரு தடவை கோட்டை விட்டாயிற்று, மூன்று வாரம் இருக்கிறது

இரவுப்பூனை:
எல்லோருக்கும் வணக்கம். பல மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் தளமான மியூல்சாஃப்டின் இன்டகிரேஷன் ஆர்க்கிடெக்ட் (இணைப்பை வடிவமைப்பவர்) சான்றிதழ்த் தேர்வு எழுதினேன், ஃபெயில். 60 கேள்வி, 120 நிமிடம், பாஸாக 70 விழுக்காடு வேண்டும். எனக்கு வந்தது 61 சொச்சம், அதாவது 37 சரி. இன்னும் ஐந்து கேள்வி கைகொடுத்திருந்தால் கரையேறியிருப்பேன், அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆறு வருடமாக ஏபிஐ (ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் கேட்டுப் பதில் வாங்கும் வாசல்) எழுதிக்கொண்டிருப்பவன் நான். மியூல்சாஃப்டில் டேட்டாவின் வடிவை மாற்ற எழுதும் மொழியான டேட்டாவீவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அந்த தைரியத்தில்தான் போய் உட்கார்ந்தேன். அதில் ஒரு கேள்விகூட வரவில்லை. வந்ததெல்லாம் பத்து வரிக் கதை. ஒரு நிறுவனம் இருக்கிறதாம், அதற்கு ஒரு பழைய சிஸ்டமாம், ஒரு ஆர்டர்கூடத் தொலையக்கூடாதாம், பதிலும் உடனே போக வேண்டுமாம், எந்த வழி சிறந்தது என்கிறார்கள். கீழே இருக்கும் நான்கு விடையும் எனக்குச் சரியாகத்தான் தெரிந்தது. நாலையும் வேலையில் செய்திருக்கிறேன், நாலும் ஓடியிருக்கிறது.

மறுபடி எழுத மூன்று வாரம் இருக்கிறது. முன்பு படித்ததையே திரும்பப் படித்தால் திரும்பவும் 61தான் வரும் என்று தோன்றுகிறது. எழுதிப் பாஸானவர்கள் யாராவது எங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

சும்மா_வந்தேன்:
டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்வி விடைத் தொகுப்பு) ஒன்று வாங்கி நாலு தடவை ஓட்டுங்கள், போதும். நான் அப்படித்தான் பாஸ்.

பழைய_குழாய்:
டம்ப் பேச்சை அப்புறம் பார்ப்போம். நாலும் சரியாகத் தெரிந்தது என்கிறீர்களே பூனையாரே, உங்கள் முடிச்சு அங்கேதான் விழுந்திருக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கிற நாளில் நாலும் ஓடும். நடுவில் ஒரு மெஷின் படுத்துக்கொண்டால் எது எதைத் தொலைக்கும் என்று கேட்டுப் பாருங்கள், மூன்று விடை தானாக உதிர்ந்துவிடும்.

நான் படித்த விதம் ஒன்றுதான். ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா. கேள்வியில் வரும் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் ஒரு கட்டம், நடுவே அம்புக்குறி. பிறகு ஒவ்வொரு அம்பின் மேலும் ஒரு குறுக்குக்கோடு போட்டு, "இந்த இடத்தில் ரன்டைம் (நம் புரோக்ராமை ஓட்டும் இன்ஜின்) செத்தால் மெசேஜ் யார் கையில் இருக்கிறது?" என்று கேட்க வேண்டும். யார் கையிலும் இல்லை என்றால் அது தொலைந்தது. இரண்டு பேர் கையில் இருக்கிறது என்றால் அது இரண்டாகப் போகிறது.

ஒரு உதாரணத்தை முழுக்கப் போட்டுக் காட்டுகிறேன். எச்டிடிபியில் (இணையத்தில் கோரிக்கையும் பதிலும் போகும் முறை) ஆர்டர் வருகிறது, டேட்டாபேஸில் ஒரு வரி எழுதுகிறீர்கள், பிறகு அன்டில் சக்சஸ்ஃபுல் (தோற்றால் திரும்ப முயலும் மியூல் கட்டளை) போட்டு பின்னால் இருக்கும் பழைய சிஸ்டத்தைக் கூப்பிடுகிறீர்கள், கடைசியில் 200 ('வேலை முடிந்தது' என்ற பதில் எண்) திருப்புகிறீர்கள். நம்மில் பாதிப் பேர் எழுதியிருக்கும் ஃப்ளோ (படிகளின் தொடர்) இது.

முதல் குறுக்குக்கோடு, டேட்டாபேஸ் எழுதிய பிறகு. வரி உட்கார்ந்துவிட்டது, பழைய சிஸ்டத்துக்குத் தகவல் போகவில்லை, அனுப்பியவருக்குக் கனெக்‌ஷன் அறுந்துவிட்டது. அவர் என்ன செய்வார்? திரும்ப அனுப்புவார். இரண்டு வரி.

இரண்டாவது கோடு, அன்டில் சக்சஸ்ஃபுல் மூன்றாம் முறை முயன்றுகொண்டிருக்கும்போது. மியூல்சாஃப்டின் ரன்டைமான மியூல் 4-இல் அது அதே ஃப்ளோவில் நின்று காத்திருக்கும், எத்தனை தடவை முயன்றது என்ற கணக்கும் நினைவகத்தில்தான் இருக்கும். ரன்டைம் போனால் கணக்கும் போச்சு, மெசேஜும் போச்சு. பெயரில் சக்சஸ்ஃபுல் இருக்கிறதே என்று ஏமாந்து டிக் அடிப்பவர்கள் ஏராளம், நானும் ஒரு காலத்தில் அடித்தேன்.

மூன்றாவது கோடுதான் வில்லங்கமானது. பழைய சிஸ்டம் வேலையை முடித்துவிட்டது, 200 போவதற்குள் நாம் செத்தோம். அங்கே ஆர்டர் பதிவாகிவிட்டது, இங்கே அனுப்பியவருக்கு அது தெரியாது. அவரும் திரும்ப அனுப்புவார், அங்கே இரண்டாவது ஆர்டர்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, வாங்கியதும் க்யூவில் (மெசேஜை வரிசையில் பத்திரமாக வைத்திருக்கும் இடம்) போட்டுவிட்டு 202 ('வாங்கிக்கொண்டேன், வேலை பிறகு') திருப்பு, இன்னொரு ஃப்ளோ அந்த க்யூவிலிருந்து எடுத்து, வேலை முடிந்த பிறகு மட்டும் அக் ('கிடைத்தது' என்ற ஒப்புகை) கொடுக்கட்டும் என்ற விடை ஏன் சரி என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அக் கொடுக்கும் முன் செத்தால் மெசேஜ் க்யூவுக்கே திரும்பிவிடும், இன்னொருவர் எடுத்துக்கொள்வார்.

நாலுகட்டம்:
பழைய_குழாய் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். க்யூ போட்டதும் கதை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். திரும்பி வரும் மெசேஜ் என்றால் ஒரே மெசேஜ் இரண்டு தடவை வரும் என்றுதான் அர்த்தம். மியூல்சாஃப்டின் சொந்த க்யூ சேவையான எனிபாயின்ட் எம்க்யூவின் சாதாரண க்யூ குறைந்தது ஒரு தடவை தரும், ஒரே ஒரு தடவை என்று வாக்குத் தராது. ஆகவே வாங்குகிற பக்கம் ஐடம்போட்டன்ட்டாக, அதாவது ஒரே மெசேஜ் எத்தனை தடவை வந்தாலும் விளைவு ஒன்றாக, இருக்க வேண்டும். ஏற்கெனவே வந்த மெசேஜைத் தள்ளிவிடும் ஐடம்போட்டன்ட் மெசேஜ் வாலிடேட்டர் போட்டு, ஆர்டர் எண்ணை மியூலின் சேமிப்பிடமான ஆப்ஜெக்ட் ஸ்டோரில் வைத்தால் தீர்ந்தது.

பழைய_குழாய்:
தீரவில்லை. அந்த வாலிடேட்டர் ஃப்ளோவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது, இல்லையா? மெசேஜ் வந்ததும் எண்ணை ஸ்டோரில் எழுதிவிடுகிறது. அடுத்த வரியில் ரன்டைம் செத்தால்? மெசேஜ் க்யூவுக்குத் திரும்பி, மறுபடி வரும். வாலிடேட்டர் பார்த்து, "இது ஏற்கெனவே வந்ததாயிற்றே" என்று தள்ளிவிடும். வேலை நடக்கவே இல்லை, ஆனால் டூப்ளிகேட் என்று முத்திரை குத்தியாகிவிட்டது. ஒன்றும் தொலையாது என்று கட்டிய இடத்திலேயே தொலைகிறது.

நாலுகட்டம்:
அட. இதை நான் யோசிக்கவே இல்லை. இரண்டு ப்ராஜெக்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

பழைய_குழாய்:
நிறையப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், தேர்விலும் பெரும்பாலும் அந்த அளவுக்குத் தோண்டமாட்டார்கள். ஆனால் இப்படி ஒரு தடவை மண்டையில் உறைத்துவிட்டால் அந்த வகைக் கேள்வி எதையும் தப்பவிட மாட்டீர்கள். என் வழக்கம், முடிந்தவரை டேட்டாபேஸிலேயே ஆர்டர் எண்ணுக்கு யுனிக் கட்டுப்பாடு (ஒரே எண் இரண்டு வரியில் வர விடாதது) போட்டுவிடுவது. எழுதுவதும் சரிபார்ப்பதும் ஒரே செயலாகிவிடுகிறது, நடுவில் சாக இடமில்லை.

சும்மா_வந்தேன்:
இவ்வளவு யோசித்தால் ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் ஆகும். டம்ப்பில் விடை இருக்கிறது, பார்த்தோமா டிக் அடித்தோமா என்று இருக்க வேண்டும்.

நாலுகட்டம்:
டம்ப் நானும் ஒரு காலத்தில் பார்த்திருக்கிறேன், ஒளிக்கவில்லை. ஒரே கேள்விக்கு ஒரு தளத்தில் பி, இன்னொன்றில் டி. கீழே சண்டை வேறு. யார் சரி என்று முடிவு செய்யப் பாடம் தெரிய வேண்டும், பாடம் தெரிந்தால் டம்ப் எதற்கு? போதாக்குறைக்குத் தேர்வு தொடங்கும்போது ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுதான் உள்ளே போகிறோம், பிடிபட்டால் சான்றிதழையே பிடுங்கிவிடலாம். அப்புறம் இன்னொரு விஷயம், ஆர்க்கிடெக்ட் என்று எழுதிக்கொண்டு நேர்காணலுக்குப் போய் எதிரில் பழைய_குழாய் மாதிரி ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஐந்தே நிமிடம்தான்.

சும்மா_வந்தேன்:
சரி சரி, அறிவுரைக்கு நன்றி.

இரவுப்பூனை:
மேலே உள்ளதை இரண்டு தடவை படித்தேன். நான் தவறவிட்ட கேள்விகளில் பாதி இந்த ரகம்தான் என்று இப்போது புரிகிறது. அப்படியே டிரான்சாக்‌ஷன் பக்கமும் (பல வேலையை ஒன்றாகக் கட்டி, முழுதும் முடிப்பது அல்லது முழுதும் ரத்து செய்வது) வாருங்கள். நானே ஒரு கேள்வி தயாரித்தேன்: ஜேஎம்எஸ் (ஜாவாவின் மெசேஜ் தரநிலை) க்யூவில் இருந்து மெசேஜ் எடுக்கிறோம், இரண்டு வெவ்வேறு டேட்டாபேஸில் எழுதுகிறோம், பிறகு எச்டிடிபி வழியே வெளியே ஒரு ரெஸ்ட் ஏபிஐயைக் கூப்பிடுகிறோம். எல்லாம் நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவும் நடக்கக்கூடாது. நான் எக்ஸ்ஏ (பல சிஸ்டத்தை ஒரே டிரான்சாக்‌ஷனில் கட்டுவது) என்று போடுவேன். சரியா?

நாலுகட்டம்:
ஒன்றுக்கு மேற்பட்ட ரிசோர்ஸ் வந்தால் எக்ஸ்ஏ, ஒன்றே ஒன்று என்றால் லோக்கல். சரிதான்.

பழைய_குழாய்:
முக்கால்வாசி சரி. ஜேஎம்எஸ், டேட்டாபேஸ், விஎம் (மியூலுக்குள்ளேயே இருக்கும் க்யூ) மூன்றும் டிரான்சாக்‌ஷனுக்குள் வரும். டிரைவரும் எக்ஸ்ஏவை ஆதரித்தால் க்யூவையும் இரண்டு டேட்டாபேஸையும் ஒரே எக்ஸ்ஏவில் கட்டலாம். எச்டிடிபி வராது. வெளியே போன கோரிக்கையை ரோல்பேக் என்று சொல்லித் திரும்பக் கூப்பிட முடியாது. எனிபாயின்ட் எம்க்யூவும் எக்ஸ்ஏக்குள் வராது, அதை ஜேஎம்எஸ் என்று நினைத்து மூக்குடைபடுகிறவர்கள் உண்டு.

ஆக, கேள்வியில் எச்டிடிபி கூப்பிடல் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் "எல்லாம் அல்லது எதுவும் இல்லை" என்பதற்கு எக்ஸ்ஏ விடையாகாது. அங்கே விடை சாகா (Saga) என்ற முறை. நடந்ததை ரத்து செய்ய ஒவ்வொரு படிக்கும் ஒரு எதிர்ப்படி எழுதி வைப்பது. இது மைக்ரோசர்வீஸ் காலத்துக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள், ஹெக்டர் கார்சியா மொலினாவும் கென்னத் சேலமும் 1987-இலேயே டேட்டாபேஸ் ஆய்வுக் கட்டுரையாக எழுதியது. எதிர்ப்படியில் ஒரு சிக்கல், எல்லாவற்றுக்கும் எதிர்ப்படி கிடையாது. பிடித்த பணத்தைத் திருப்பலாம், அனுப்பிய மின்னஞ்சலை வாடிக்கையாளர் கண்ணிலிருந்து எடுக்க முடியாது. அதனால் திரும்பப் பெற முடியாத படியைக் கடைசியில் வையுங்கள்.

எக்ஸ்ஏ இலவசமும் இல்லை. இரண்டு கட்ட கமிட், எல்லோரும் தயார் என்று சொல்லும்வரை எல்லோரும் பூட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கேள்வியில் "மிகக் குறைந்த தாமதம்" என்று ஒரு சொல் இருந்து, ரிசோர்ஸும் ஒன்றே ஒன்று என்றால், எக்ஸ்ஏ விடை ஆடம்பரம். லோக்கல் போதும்.

கணக்குப்பிள்ளை:
இந்த இழையில் எல்லோரும் மெசேஜ் சாவதையே பேசுகிறீர்கள், யாரும் எண் போடவில்லை. ஆர்க்கிடெக்ட் என்பவர் விரல்விட்டு எண்ணவாவது தெரிந்திருக்க வேண்டும். நான் மூன்று கணக்கு வைத்திருக்கிறேன், மூன்றும் எனக்கு வேலையில் உதவியவை, தேர்வுக்கும் உதவின.

முதலாவது, ரீட்ரை (தோற்றதைத் திரும்ப முயல்வது) கணக்கு. மேலே பயனர் பக்கம் எக்ஸ்பீரியன்ஸ் ஏபிஐ, நடுவில் கோர்க்கும் ப்ராசஸ் ஏபிஐ, அடியில் பின்னால் உள்ள சிஸ்டத்தோடு பேசும் சிஸ்டம் ஏபிஐ என்று மூன்று அடுக்கு. ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பதை மொத்தம் மூன்று தடவை முயல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் சிஸ்டம் திணறும்போது ஒரு பயனர் ஒரு தடவை தட்டினால் அதன் தலையில் விழும் கூப்பிடல் எத்தனை? மூன்றல்ல, ஒன்பதல்ல, 27. திணறிக்கொண்டிருப்பவரின் மார்பில் ஏறி மிதிப்பது போல. ரீட்ரையை ஒரே அடுக்கில் வையுங்கள், ஒவ்வொரு முயற்சிக்கும் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள், அந்த இடைவெளியில் கொஞ்சம் தாறுமாறும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆயிரம் கிளையன்ட்டும் ஒரே நொடியில் திரும்ப வந்து கதவைத் தட்டுவார்கள்.

டைம்அவுட் (பதிலுக்காகக் காத்திருக்கும் அதிகபட்ச நேரம்) இதன் தம்பி. மேல் அடுக்குக்கு 5 விநாடி, கீழ் அடுக்குக்கு 10 விநாடி என்று வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். மேலே உள்ளவர் 504 ('நேரம் தீர்ந்தது') சொல்லிவிட்டுப் போய்விட்டார், கீழே உள்ளவர் யாருக்கும் வேண்டாத பதிலுக்காக இன்னும் ஐந்து விநாடி உழைக்கிறார். கீழே போகப் போக டைம்அவுட் சுருங்க வேண்டும்.

இரண்டாவது, கிடைக்கும்நேரக் கணக்கு. 99.9 விழுக்காடு என்றால் வருடத்தில் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக சிஸ்டம் ஓடாமல் இறங்கியிருக்கலாம் என்று பொருள். மூன்று சிஸ்டம் ஒன்றன்பின் ஒன்றாக, மூன்றும் இருந்தால்தான் பதில் என்றால் பெருக்க வேண்டும், 99.7 ஆகிவிடும். வருடத்துக்கு 26 மணி நேரம். "நம்முடைய எல்லா ஏபிஐயும் 99.9" என்று மேலாளர் பெருமையாகச் சொன்னபோது நான் இந்தப் பெருக்கலைப் பலகையில் போட்டேன், அறையில் கொஞ்ச நேரம் ஏசி சத்தம் மட்டும்தான்.

மூன்றாவது, லிட்டில் விதி. ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்தது. விநாடிக்கு 200 கோரிக்கை, ஒவ்வொன்றுக்கும் 2 விநாடி என்றால் எந்த நொடியிலும் உள்ளே 400 கோரிக்கை நிற்கிறது. கனெக்‌ஷன் பூல் (ஒரே நேரத்தில் திறந்திருக்கக்கூடிய இணைப்புகள்) 50 என்று வைத்துவிட்டு ஏன் காத்திருக்கிறது என்று லாக் தேடிப் பயனில்லை.

இரவுப்பூனை:
27 என்று படித்ததும் எங்கள் ப்ராஜெக்டைத் திறந்து பார்த்தேன். எங்களுடையது ஒவ்வொரு அடுக்கிலும் ஐந்து. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
125. கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

மறுமுயற்சி:
நானும் இரண்டாம் தடவையில் பாஸானவள்தான். என் குறை வேறு, பாடம் தெரியும், கேள்வியை வாசிக்கத் தெரியவில்லை. 60 கேள்விக்கு 120 நிமிடம் என்றால் கேள்விக்கு 2 நிமிடம். கதை பத்து வரி, ஆங்கிலம் வேறு, மேலிருந்து கீழே நிதானமாகப் படித்து வந்தால் விடைக்கு வரும்போதே ஒன்றரை நிமிடம் போய்விடும், முதல் வரி மறந்தும் போயிருக்கும். இரண்டாம் தடவை கடைசி வரியை முதலில் படித்தேன். எதைக் கேட்கிறார்கள் என்று தெரிந்த பிறகு கதைக்குள் போனால் எந்தச் சொல் முக்கியம் என்று கண் தானே பொறுக்கும்.

முக்கியமான சொல் என்று நான் சொல்வது அலங்காரச் சொல்லை அல்ல. "ஏற்கெனவே உள்ள சிஸ்டத்தை மாற்ற முடியாது" என்று ஒரு வரி நடுவில் பதுங்கியிருக்கும், அது இரண்டு விடையைக் கொன்றுவிடும். "வரிசை மாறக்கூடாது" என்று இருந்தால் சாதாரண க்யூ அடிபட்டு எஃப்ஐஎஃப்ஓ (முதலில் வந்தது முதலில் போகும்) க்யூ மேலே வரும். "மெட்டாடேட்டாகூட (டேட்டாவைப் பற்றிய தகவல்) நிறுவனத்தை விட்டு வெளியே போகக்கூடாது" என்று இருந்தால் கன்ட்ரோல் பிளேனும் (ஏபிஐகளை நிர்வகிக்கும் பகுதி) உள்ளேயே இருக்க வேண்டும், முழுத் தளத்தையும் சொந்த இடத்தில் நிறுவும் பிரைவேட் கிளவுட் எடிஷன்தான் வழி. டேட்டா மட்டும் வெளியே போகக்கூடாது, நிர்வாகம் வெளியே இருந்து நடக்கலாம் என்றால் ரன்டைமை மட்டும் உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம். முதல் தடவை இதில் இரண்டு கேள்வி விட்டேன் என்று உறுதியாகச் சொல்வேன்.

இன்னொன்று, மியூலைப் பல சர்வரில் ஓட்டும் இரண்டு வழியான கிளஸ்டரையும் சர்வர் க்ரூப்பையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொண்டிருந்தேன். கிளஸ்டரில் உள்ளவர்கள் நினைவைப் பகிர்ந்துகொள்வார்கள், ஷெட்யூலர் (குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்குவது) ஒரே ஒரு நோடில் (சர்வரில்) ஓடும். சர்வர் க்ரூப் என்பது ஒரே ஆப்பைப் பல இடத்தில் சேர்த்து வைப்பதற்கு மட்டும், ஒருவருக்கு மற்றவர் இருப்பதே தெரியாது. அங்கே ராத்திரி இரண்டு மணி ஷெட்யூலர் போட்டால் எத்தனை சர்வரோ அத்தனை தடவை ஓடும். வரும் கோரிக்கையைச் சர்வர்களுக்குப் பங்கிடும் லோட் பேலன்சர் முன்னால் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது, ஷெட்யூலர் லோட் பேலன்சர் வழியாக வருவதில்லை.

நாலுகட்டம்:
அந்தக் கடைசி வரிக்கு ஒரு சபாஷ்.

பூட்டுசாவி:
செக்யூரிட்டி பக்கம் யாரும் வரவில்லையே, நான் வருகிறேன். நீளமாக எழுத மாட்டேன், ஏனென்றால் இதில் குழப்பம் நாலைந்து இடத்தில்தான்.

கூப்பிடுபவர் யார் என்று காட்ட அனுப்பும் ஜேடபிள்யூடி டோக்கன் பார்க்கப் புரியாத எழுத்தாக இருப்பதால் ரகசியம் என்று நினைக்கிறார்கள். சாதாரணமாகப் பயன்படுத்துவது கையெழுத்திட்ட டோக்கன், உள்ளே உள்ளதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் படிக்கலாம், மாற்றினால் மட்டும் கண்டுபிடித்துவிடலாம். வாடிக்கையாளரின் அடையாள எண்ணை அதற்குள் வைக்கும் விடை வந்தால் அடித்துத் தள்ளுங்கள்.

கிளையன்ட் ஐடி பாலிசி எந்த ஆப் கூப்பிடுகிறது என்று சொல்லும், எந்த மனிதர் என்று சொல்லாது. மனிதரின் அனுமதி வேண்டும் என்றால் ஓஆத் 2.0 (அனுமதி வழங்கும் தரநிலை), அதிலும் ஆத்தரைசேஷன் கோட் வழி. மெஷினும் மெஷினும் பேசிக்கொள்ள கிளையன்ட் கிரெடன்ஷியல்ஸ் வழி. இதெல்லாம் 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6749 என்ற இணையத் தரநிலை ஆவணத்தில் தெளிவாக இருக்கிறது, முழுக்கப் படிக்க வேண்டாம், அந்த நான்கு கிராண்ட் (அனுமதி பெறும் வழி) வகையை மட்டும் ஒரு மாலையில் படித்துவிடலாம்.

ரேட் லிமிட்டிங், ஸ்பைக் கன்ட்ரோல். இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். முன்னது ஒப்பந்தக் கணக்கு, அளவு தாண்டினால் 429 ('கோரிக்கை மிகுதி') கொடுத்து வெளியே அனுப்பும். பின்னது பின்னால் இருக்கும் சிஸ்டத்தைக் காப்பாற்றுவதற்கு, திடீரென்று கூட்டம் வந்தால் கொஞ்சம் நிறுத்தி வைத்து, சில தடவை முயன்று பார்த்து, அதற்குப் பிறகும் இடமில்லை என்றால்தான் தள்ளும். கேள்வியில் "பணம் கட்டிய அளவு" என்ற வாசனை வந்தால் முன்னது, "பின்னால் உள்ளது தாங்காது" என்ற வாசனை வந்தால் பின்னது.

இரவுப்பூனை:
இதை நான் நேர் தலைகீழாக வைத்திருந்தேன்.

சும்மா_வந்தேன்:
ஒரு உண்மையான சந்தேகம் கேட்கட்டுமா, கிண்டல் இல்லை. எக்ஸ்பீரியன்ஸ், ப்ராசஸ், சிஸ்டம் என்று மூன்று அடுக்கு கட்டாயமா? எங்கள் இடத்தில் ஒரே ஒரு டேபிளைப் படித்துக் காட்டும் ஏபிஐக்கும் மூன்று அடுக்கு போட்டிருக்கிறார்கள். மூன்றிலும் ஒரே ஃபீல்டு, ஒரே பெயர். உள்ளே வந்ததை அப்படியே வெளியே தள்ளுகிறது.

நாலுகட்டம்:
தேர்வில் மூன்று அடுக்குதான் எதிர்பார்ப்பார்கள், வேலையில் நீங்கள் சொல்வது சரி. அடுக்குக்கு ஒரு நெட்வொர்க் பயணம், ஒரு லாக், ஒரு டிப்ளாய்மென்ட்.

பழைய_குழாய்:
தேர்விலும் கண்ணை மூடிக்கொண்டு மூன்று என்று போடக்கூடாது. சிஸ்டம் ஏபிஐ எதற்கு? பின்னால் இருக்கும் பழைய சிஸ்டம் நாளை மாறினாலும் மேலே யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்கு. எக்ஸ்பீரியன்ஸ் எதற்கு? கைபேசி ஆப் ஐந்து ஃபீல்டு கேட்கிறது, பார்ட்னர் ஐம்பது கேட்கிறார் என்பதற்கு. ப்ராசஸ் எதற்கு? இரண்டு மூன்று சிஸ்டத்திலிருந்து எடுத்துக் கோர்ப்பதற்கு. கதையில் இந்தத் தேவை இருக்கிறதா என்று பாருங்கள், கோர்க்க ஒன்றுமே இல்லாத இடத்தில் ப்ராசஸ் ஏபிஐ வெறும் தபால்காரர். உங்கள் டேபிள் விஷயத்தில் எக்ஸ்பீரியன்ஸ் நேரே சிஸ்டம் ஏபிஐயைக் கூப்பிட்டால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள்.

கேள்வி நன்றாக இருந்தது. டம்ப்பில் வராது.

சும்மா_வந்தேன்:
சொல்லிக் காட்டிவிட்டீர்கள்.

மறுமுயற்சி:
பூனையாரே, எச்டிடிபி மெத்தடுகளையும் (கோரிக்கை வகைகள்) ஒரு தடவை தூசி தட்டிவிடுங்கள். 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9110 கணக்குப்படி கெட் (படிப்பது), புட் (முழுதாக மாற்றி வைப்பது), டிலீட் (அழிப்பது) மூன்றும் எத்தனை தடவை அனுப்பினாலும் விளைவு ஒன்றே, போஸ்ட் (புதிதாகச் சேர்ப்பது) அப்படி இல்லை. பேட்ச்சும் (பகுதியாக மாற்றுவது) இல்லை. ரீட்ரை வருகிற எந்தக் கேள்விக்கும் இதுதான் அடிவாரம். டைம்அவுட் ஆன புட்டைத் தைரியமாகத் திரும்ப அனுப்பலாம். டைம்அவுட் ஆன போஸ்ட்டை அனுப்ப ஐடம்போட்டன்சி கீ (இது அதே கோரிக்கைதான் என்று காட்டும் எண்) ஒன்று கையில் வேண்டும்.

இரவுப்பூனை:
எங்கள் டீமில் தேடுவதற்கும் போஸ்ட், அழிப்பதற்கும் போஸ்ட். சரி, இன்று ராத்திரியிலிருந்து தாளும் பேனாவும். மாக் டெஸ்ட்டை நிறுத்திவிட்டு, தினமும் ஒரு பழைய ப்ராஜெக்டை எடுத்துக் கட்டம் வரைந்து ஒவ்வொரு அம்பிலும் கொலை செய்யப்போகிறேன். தேர்வு முடிந்ததும் வருகிறேன்.

(24 நாள் கழித்து)

இரவுப்பூனை:
வந்துவிட்டேன். 78. பாஸ்.

எப்படிப் போயிற்று என்று எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும். முதல் வாரம் கட்டம் வரைவது மகா அலுப்பு, ஒரு ஃப்ளோவுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எட்டாவதோ ஒன்பதாவதோ வரையும்போது கோடு போடும் முன்பே இது இங்கே சாகும் என்று தெரிய ஆரம்பித்தது. தேர்வு அறையில் தாளில் வரையவே இல்லை, கதையைப் படிக்கும்போதே மனதுக்குள் கட்டம் விழுந்தது. கடைசி வரியை முதலில் படிக்கும் வித்தைக்கு மறுமுயற்சிக்குத் தனியாக ஒரு நன்றி, 14 நிமிடம் மிச்சம் இருந்தது, போன தடவை ஆறு கேள்வியை ஊகத்தில் அடித்தவன் நான்.

இந்தத் தடவையும் இரண்டு விடைக்கு நடுவில் ஆடிய கேள்விகள் இருந்தன, குறைந்தது பத்து இருக்கும். அதில் சிலவற்றில் இன்னமும் எனக்குத் தெளிவில்லை.

ஒரு பக்கக் கதை. அலுவலகத்தில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிற, நானே இரண்டு வருடம் முன்பு எழுதிய ஃப்ளோவை வரைந்தேன். க்யூவிலிருந்து எடுக்கிறது, டேட்டாபேஸில் எழுதுகிறது. அக் மோடு என்ன என்று பார்த்தால் இம்மீடியட் என்று இருக்கிறது. அதாவது எடுத்த கணமே "வாங்கிக்கொண்டேன்" என்று க்யூவிடம் சொல்லிவிடுகிறது, அப்புறம்தான் எழுதுகிறது. நடுவில் செத்தால் மெசேஜ் காற்றோடு போச்சு. மாதத்துக்கு ஒன்றிரண்டு ஆர்டர் காணவில்லை என்று சப்போர்ட்டில் இருந்து வரும், "அனுப்பியவரே அனுப்பியிருக்க மாட்டார்" என்று இரண்டு வருடமாக நானே பதில் எழுதி மூடியிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
வாழ்த்துகள். அந்த 125 என்ன ஆயிற்று?

இரவுப்பூனை:
அதை மாற்றியாயிற்று. சிஸ்டம் ஏபிஐயில் மட்டும் மூன்று, மற்ற இரண்டு அடுக்கிலும் இல்லை.

பழைய_குழாய்:
நல்லது. அக்கை மாற்றிவிட்டீர்களா?

இரவுப்பூனை:
புரோக்ராம் தயார். வேலை முடிந்த பிறகு மேனுவலாக அக், டேட்டாபேஸில் ஆர்டர் எண்ணுக்கு யுனிக். ஆனால் யுனிக் போடப் போனால் போட முடியவில்லை, ஏற்கெனவே அந்த டேபிளில் இரட்டை வரி 312 இருக்கிறது. முதலில் அதில் எது நிஜம் என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.